மேடையில் கடலை வாசிப்பது: ஒரு டேப், சைக்கிள் பால்ஸ், ஒரு தகரம்

போன மாதம் ஒரு சிறுவர் நாடகத்துக்குத் தாளவாத்தியம் வாசித்தேன். அண்ணனும் தங்கையும் கட்டுமரத்தில் போய்ப் புயலில் மாட்டிக்கொள்ளும் கதை. கடல் சத்தத்தை லேப்டாப்பில் ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் பிள்ளைகள் ஒருநாள் வேகமாகப் பேசுவார்கள், ஒருநாள் வசனம் மறந்து நிற்பார்கள். ஒலிப்பதிவு அவர்களுக்காகக் காத்திருக்காது. கையால் வாசிப்பவர் காத்திருப்பார். அதனால் எல்லாச் சத்தத்தையும் மேடையோரத்தில் உட்கார்ந்து நேரடியாகவே செய்தோம்.

முதலில் அலை

16 அங்குல டேப் ஒன்று போதும். ஒரு பக்கம் மட்டும் முகம் மூடி, மறுபக்கம் திறந்திருக்கும் வட்டமான பறை அது. தோல் வேண்டாம், பிளாஸ்டிக் முகம் போட்டதாக வாங்குங்கள். கடலோர ஊர்க் காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். கஞ்சிரா இதற்குச் சின்னது.

சைக்கிள் கடையில் ஃப்ரீவீலுக்குப் போடும் 1/8 அங்குல பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) 200, முன் சக்கரத்துக்குப் போடும் 3/16 அங்குல பால்ஸ் 40 கேளுங்கள். டேப்பின் முகம் தரையைப் பார்க்கும்படி பிடித்து, உள்பக்கம் கொட்டி, மெல்லச் சாயுங்கள். சின்ன பால்ஸ் நுரை, பெரியவை அடியில் உருளும் கூழாங்கல். தூரத்துக் கடல் வேண்டும் என்றால் இரும்பை எடுத்துவிட்டு இரண்டு கைப்பிடி கேழ்வரகு போடுங்கள்.

நான் ஒரு வாரம் தடுமாறியது இங்கேதான். சாய்த்தால் எல்லா பால்ஸும் ஒன்றாக ஓடிப்போய் விளிம்பில் ‘டக்’கென்று மோதும். அந்த ஒரு ‘டக்’ போதும், கடல் போய்விடும், தட்டில் பட்டாணி உருள்வது மட்டும் கேட்கும். இரண்டு வேலை செய்து சரிப்படுத்தினேன். கதவு இடுக்கில் ஒட்டும் பஞ்சுப் பட்டையை விளிம்பின் உள்பக்கம் சுற்றிலும் ஒட்டினேன். பிறகு, நேராகச் சாய்ப்பதை விட்டுவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெயைச் சுழற்றிப் பரப்புவது போல மணிக்கட்டைச் சுழற்றினேன். பால்ஸ் கொத்தாக ஓடாமல் வாலாக நீண்டு ஓடும். சத்தம் அறுபடாது.

அடுத்தது இடைவெளி. புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் அவசரப்படுவார்கள், நானும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் உட்கார்ந்து போனில் நேரம் குறித்தேன். ஓர் அலை உடைந்து அடுத்தது உடைய ஏழு நொடி, ஒன்பது நொடி, மறுபடி ஏழு, திடீரென்று பன்னிரண்டு. ஒருபோதும் தாளத்தில் இல்லை. அதைவிட முக்கியமாக, அலை உடைவது சின்ன நேரம்தான். மணலை அரித்துக்கொண்டு தண்ணீர் திரும்பிப்போகும் ‘ஸ்ஸ்ஸ்’ தான் நீளம். வருவதற்கு இரண்டு பங்கு என்றால் போவதற்கு நான்கு பங்கு கொடுங்கள். ஆதிதாளம் ஊறிய கைக்கு இது கஷ்டம். எண்ணாமல், மூச்சின் போக்கிலேயே வாசியுங்கள்: இழுக்கும்போது வரும் அலை, விடும்போது போகும் அலை.

மைக்

கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) அழகாக எடுக்கும், ஆனால் சின்ன அரங்கில் டேப்பின் முகமே அதிர்ந்து ஊளையிட ஆரம்பிக்கும். எனக்கு எஸ்எம்57 என்ற சாதாரண மேடை மைக் போதும்: முகத்துக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, மேல்நோக்கி. முதல் ஒத்திகையில் அலை பாதியில் பிறந்து பாதியில் செத்தது. மைக்கை மாற்றினோம், வயரை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் மிக்சரில் அந்தச் சேனலுக்கு நாய்ஸ் கேட் போட்டிருந்தது. மெல்லிய சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அது கதவைச் சாத்திவிடும். அலையின் தொடக்கமும் முடிவும் மெல்லிய சத்தம்தானே. ஒலியமைப்பாளரிடம் முதல் வார்த்தையாக ‘கேட் வேண்டாம் அண்ணா’ என்று சொல்லிவிடுங்கள்.

காற்றும் இடியும்

காற்றுக்கு எலக்ட்ரிக் கடையில் விற்கும் சுருள் மடிப்புள்ள பைப், ஒரு மீட்டர். உள்பக்கமும் மடிப்பு இருக்க வேண்டும், வழவழப்பானது பாடாது. இரு முனையும் திறந்திருக்க, ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். வேகம் கூடினால் சுருதி வழுக்கி ஏறாது, படிப்படியாகத் தாவும். இரண்டு பேர் வேறு வேறு நீளத்தில் சுழற்றினால் புயல்.

இடிக்கு இரண்டடிக்கு நாலடி மெல்லிய ஜிஐ தகரம். மேல் விளிம்பில் இரண்டு துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழ் விளிம்பைப் பிடித்து உலுக்குங்கள். அடிக்காதீர்கள். லைட் போடுபவரோடு பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். அதனால் புயல் நெருங்கி வருவதைக் காட்ட, முதல் மின்னலுக்கு ஆறு நொடி கழித்து இடி, அடுத்ததற்கு மூன்று, கடைசியில் இரண்டும் ஒன்றாக. எங்கள் நாடகத்தில் அந்த மூன்றாவது இடிக்கு முன்வரிசைக் குழந்தை ஒன்று அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டது.

முதல் மழைத்துளிகளுக்கு ஜலதரங்கக் கிண்ணம் நான்கு, தண்ணீர் ஊற்றாமல், ஒழுங்கில்லாமல் தட்டினேன். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் மேடையேறிய நோவா வெள்ள இசைநாடகத்தில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கோப்பைகளை மழைத்துளிக்காக வைத்திருக்கிறார். அதில் கிடைத்த யோசனை இது.

கட்டுமரம் முனகுவதற்கு உறுமி. வளைந்த குச்சியால் தேய்க்கும் முகத்தை மட்டும், அழுத்தி, மிக மெதுவாகத் தேயுங்கள். இதற்கு இணையாக வேறொரு வாத்தியம் எனக்குத் தெரியவில்லை.

பின்சேர்க்கை: நாடகத்தில் நான் அடித்த கப்பல் மணியைப் பற்றி, கப்பலில் வேலை பார்த்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் கோயில் மணி மாதிரி விடாமல் அடித்திருந்தேன். அது தவறு. அரை மணிக்கு ஒருமுறை, ஒவ்வோர் அடி கூட்டி, நாலு மணி நேரக் காவல் முடியும்போது எட்டு அடி. அதையும் இரண்டிரண்டாக அடிக்க வேண்டும்: மூன்று என்றால் ‘டிங்-டிங்’, சற்று நிறுத்தி ‘டிங்’. அடுத்த காட்சியிலேயே மாற்றிவிட்டேன்.

இன்னொருவர் பால்ஸ் சிதறுவதைப் பற்றிக் கேட்டிருந்தார். டேப்பின் திறந்த பக்கத்தில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். காட்சி முடிந்ததும் பால்ஸை எண்ணிப் பாட்டிலில் போடுங்கள், 240 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டார்ச் எடுத்துத் தேடுங்கள். அடுத்து அந்த மேடையில் வெறுங்காலோடு ஆட வருபவர் இருப்பார்.