59 சென்ட்டுக்கு மயங்கிய கதை

ஒரே டென்னிஸ் ஆட்டம், இரண்டு கணிப்புச் சந்தைத் தளங்கள் (யார் ஜெயிப்பார் என்று பங்கு வாங்கிப் பந்தயம் கட்டும் இடங்கள்). ஒன்றில் என் ஆள் ஜெயிப்பார் என்ற பங்கு 62 சென்ட், மற்றதில் 59. ஜெயித்தால் இரண்டிலும் பங்குக்கு 1 டாலர்தான். யோசிக்காமல் 59-ஐ வாங்கினேன். இரண்டாவது செட்டின் நடுவே எதிராளி காயத்தோடு விலகிவிட்டார். ஜெயித்தது என் ஆள்தான், லாபம்தான் வரவில்லை! ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பந்தயம் செல்லாது என்று அங்கே விதி. போட்ட காசு மட்டும் திரும்பியது. மற்ற தளத்தில் அடுத்த சுற்றுக்குப் போகிறவரே வென்றவர்.

இப்போதெல்லாம் முதலில் விதியைப் படிக்கிறேன்: பாதியில் விலகினால், ஒரு பந்துகூட ஆடாமல் வாக்ஓவர் கொடுத்தால், மழையில் தள்ளிப்போனால் என்ன கணக்கு? அப்புறம்தான் விலை. அதிலும் தளத்தின் கட்டணத்தைச் சேர்த்து, அந்த விலைக்கு எத்தனை பங்கு கிடைக்கும் என்றும் பார்க்கிறேன். அன்று 59 என்று காட்டிய விலையில் பத்துப் பங்குதான் விற்பனைக்கு இருந்தது, அதற்கு மேல் வாங்கினால் 61.