ஸ்வோர்ட்ஃபிஷ் கட்டலாம் வாங்க: இரட்டை இறக்கை விமானத்துக்குக் கம்பி போடும் முறை

இரட்டை இறக்கை விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஆசையாக வாங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து பார்த்ததும் மூடிப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாகங்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் மாதிரி ஒற்றை இறக்கை விமானம் ஒன்றிரண்டு செய்து முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது, வெட்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

விமானம் ஃபேரி ஸ்வோர்ட்ஃபிஷ். 1934-இல் முதன்முதலில் பறந்து 1936-இல் சேவைக்கு வந்த பிரிட்டிஷ் டார்பிடோ விமானம். துணி போர்த்திய உடல், திறந்த இருக்கைகள், மூன்று பேர் குழு. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போதே பழைய காலத்து வண்டி. ஆனால் 1940 நவம்பர் 11 இரவு இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய 21 ஸ்வோர்ட்ஃபிஷ்கள் டரன்டோ துறைமுகத்தில் நின்ற இத்தாலியப் போர்க்கப்பல்களைத் தாக்கின. அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானைச் சிக்கவைத்த டார்பிடோவும் ஸ்வோர்ட்ஃபிஷ் போட்டதுதான். நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரல் 5 அன்று திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கிப் பறந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களை ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. சுட்டவர்களின் வேகத்துக்கு முன்னால் இவற்றால் ஓடவும் முடியவில்லை.

எந்த அளவு வாங்குவது?

1/72 அளவில் ஏர்ஃபிக்ஸ், 1/48 அளவில் டாமியா இரண்டும் ஸ்வோர்ட்ஃபிஷ் கிட் வெளியிட்டிருக்கின்றன. உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் 13.87 மீட்டர். அதனால் 1/72 மாடல் சுமார் 19 செ.மீ., 1/48 மாடல் சுமார் 29 செ.மீ. வரும். என் ஓட்டு 1/48-க்கு. பெரிய மாடலில் விரல் நுழைய இடம் இருக்கும். ஷோகேஸில் இடம் இல்லை என்றால் மட்டும் சின்னதுக்குப் போங்கள்.

வேலையின் வரிசை

கிட்டோடு வரும் தாள் முதலில் எல்லாவற்றையும் ஒட்டச் சொல்லும், பெயிண்ட் கடைசியில் வரும். ஒற்றை இறக்கைக்கு அது சரி. இங்கே அதைத் தலைகீழாகத்தான் செய்ய வேண்டும்: துளை, பெயிண்ட், ஸ்டிக்கர், மேல் இறக்கை, கம்பி. மேல் இறக்கை ஏறிய பிறகு உள்ளே பிரஷ்கூட சரியாக நுழையாது.

இதற்கு வலுவான காரணம் விமானத்தின் நிறத்திலேயே இருக்கிறது. போரின் ஆரம்ப ஆண்டுகளில் இந்த விமானங்களின் மேல்பக்கம் அடர் சாம்பல், அடர் பச்சைச் சாம்பல் என்று இரண்டு நிறத் திட்டுகளாக இருக்கும். கீழ் இறக்கையின் மேல்பக்கத்தில் மட்டும் அதே திட்டுகளை ஒரு படி வெளிறிய நிறங்களில் அடித்தார்கள். மேல் இறக்கையின் நிழல் அதன்மேல் விழுவதால் வெளிறிய நிறமும் அடர்ந்து தெரிந்து, மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது கணக்கு. ஆக மேல்பக்கத்துக்கு மட்டும் நான்கு நிறம். ஒட்டிய பிறகு இதை அடித்துப் பாருங்கள், அப்போது புரியும்.

துளை போடுவது

உடலின் இரண்டு பாதிகளையும் கீழ் இறக்கையையும் ஒட்டுங்கள். தண்ணி மாதிரி இருக்கும் சிமென்ட் குளூவாக இருந்தால் பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூட்டில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிவிடும். சேலம் வெயிலில் முதலில் பூசிவிட்டு அப்புறம் சேர்க்க நினைத்தால், சேர்ப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும்.

அடுத்து துளை. 0.3 மி.மீ. டிரில் பிட், அதைப் பிடித்து விரலால் சுழற்ற ஒரு பின் வைஸ் என்ற சின்னக் கைப்பிடி. இவற்றுக்காக வெளிநாட்டு மாடல் கடைகளில் ஆர்டர் போட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். சாமணமும் அங்கேயே வாங்குங்கள். 'மாடல் ட்வீசர்' என்று பெயர் போட்டு விற்பதைவிடப் பட்டறைக்காரர்கள் பிடிக்கும் சாமணத்தின் நுனி எனக்குப் பிடித்திருக்கிறது.

கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்குக் கிட் தாளில் உள்ள படம் போதாது. இங்கிலாந்தின் யோவில்டனில் இன்றும் பறக்கும் நிலையில் ஸ்வோர்ட்ஃபிஷ் வைத்திருக்கிறார்கள். அதன் புகைப்படங்களைத் தேடி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். குழப்பம் வராமல் இருக்க ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். பறக்கும்போது இறக்கை மேலே எழும்பாமல் இழுத்துப் பிடிப்பவை ஒரு வகை, அவை உடல் பக்கம் கீழிருந்து வெளிப்பக்கம் மேலே போகும். தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிப்பவை இன்னொரு வகை, அவை உடல் பக்கம் மேலிருந்து வெளிப்பக்கம் கீழே வரும். இரண்டும் சேர்ந்து எக்ஸ் வடிவம்.

மேல் இறக்கையின் அடிப்பக்கத்தில் போடும் துளைகள் பாதி ஆழம்தான் போக வேண்டும். மறுபக்கம் வந்தால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பிட்டில் நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் சுற்றி, டேப் தொட்டதும் நிறுத்துங்கள். கீழ் இறக்கையில் மட்டும் துளை முழுசாக ஊடுருவ வேண்டும். அடிப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை, பிறகு மூடிக்கொள்ளலாம். பிட் வழுக்காமல் இருக்க முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள்.

இனி சொல்வதை அவசரப்படாமல் படியுங்கள். துளையைச் செங்குத்தாகப் போடக் கூடாது. கம்பி எந்தத் திசையில் போகப்போகிறதோ அந்தச் சாய்வில் பிட்டைப் பிடித்துப் போட வேண்டும். கம்பிக்குப் பதிலாக நாம் போடப்போவது தூண்டில் நரம்பு; செங்குத்துத் துளையிலிருந்து சாய்வாக வெளிவரும் நரம்பு விளிம்பில் மடங்கும். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அந்த மடிப்பு தளர்ச்சியாகவே தெரியும். கம்பி சரியாக இல்லை என்று நாம் நினைக்கும் மாடல்களில் பலவற்றில் கம்பி நன்றாகத்தான் இருக்கும், துளைதான் கோணல். சாய்வைக் கண்ணால் மதிப்பிட முடியாவிட்டால் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் நிற்கும் தாங்குகால்களை ஒட்டாமல் பொருத்தி, மேல் இறக்கையை மேலே வைத்து, ஒரு துளையிலிருந்து எதிர்த் துளைக்கு ஊதுபத்திக் குச்சியைச் சாய்த்துப் பாருங்கள். அந்தச் சாய்வே பிட்டின் சாய்வு.

பெயிண்ட்

உடலும் கீழ் இறக்கையும் ஒரு துண்டு, மேல் இறக்கை தனி, தாங்குகால்கள் தனி. ஒட்டவேண்டிய குழிகளை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள், சிமென்ட் குளூ பெயிண்ட்டின்மேல் பிடிக்காது. சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சில சமயம் காற்றிலேயே காய்ந்து, மாடல்மேல் மணல் தூவியது போல உட்காரும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேருங்கள், தின்னரைக் கூட்டுங்கள், நுனியை மாடலுக்கு அருகில் கொண்டுபோங்கள். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது இன்னும் நல்லது. ஸ்டிக்கர்கள், அதன்மேல் வார்னிஷ் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும்.

நரம்பு

தையல் நூல் வேண்டாம். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பிசிறு தெரியும். மேட்டூர்ப் பக்கம் தூண்டில் கடைகளில் விற்கும் தங்கூஸ் நரம்பில் கிடைப்பதிலேயே மெல்லியதைக் கேளுங்கள். 0.1 மி.மீ. நரம்பு 1/72 மாடலில் 7.2 மி.மீ. தடிமனுக்குச் சமம், அது பொருந்தும். 0.2 போட்டால் துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி ஆகிவிடும். மாடல் செய்பவர்களுக்கென்றே வரும் ரப்பர் போல நீளும் நூலும் உண்டு. விலை கூட, ஆனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கை பட்டாலும் அறாது, தளராது. தங்கூஸ்தான் என்றால் கருப்பு மார்க்கர் நுனியில் ஒருமுறை இழுத்தெடுங்கள், பளபளப்பு போய்விடும்.

மேல் இறக்கையைத் தனியாகக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு துளையிலும் நரம்பின் ஒரு முனையைச் சூப்பர் குளூ தொட்டு ஒட்டிவிடுங்கள். குளூவை ஊசிக் காதில் எடுத்து வைத்தால் அளவாக விழும். எல்லாமே ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கட்டும்.

மேல் இறக்கையை ஏற்றுவது

தெர்மாகோல் பேக்கிங்கில் உடல் அசையாமல் உட்கார ஒரு பள்ளம் வெட்டுங்கள். நடுத்தாங்குகால்களை முதலில் ஒட்டிக் காயவிடுங்கள். வெளித் தாங்குகால்களுக்கு மெதுவாகக் காயும் குளூதான் வேண்டும், சூப்பர் குளூ கூடாது, திருத்த நேரம் தராது. மேல் இறக்கையை வைத்ததும் முன்பக்கம் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், இரண்டு இறக்கை நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் மேலிருந்து, வால் இறக்கையோடு ஒப்பிட்டு. இரவு முழுக்கத் தொடவேண்டாம்.

கம்பி இழுப்பது

மாடலைக் கவிழ்த்துத் தெர்மாகோலில் வையுங்கள். உடலை ஒட்டிய கம்பிகளில் தொடங்கி வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் கை நுழையாது. நரம்பைக் கீழ் இறக்கைத் துளை வழியே வெளியே எடுத்து, முனையில் துணி கிளிப் ஒன்றை மாட்டி, மேசை விளிம்பில் தொங்கவிடுங்கள். கிளிப்பின் எடையே போதும், கையால் இழுக்காதீர்கள், இறக்கை வளையும். துளையில் ஒரு சொட்டுக் குளூ. இடப்பக்கம் ஒன்று போட்டால் அடுத்தது வலப்பக்கம், இப்படி மாற்றி மாற்றி. காய்ந்ததும் புது பிளேடால் அடியோடு வெட்டி, துளையைப் புட்டியால் மூடி, தேய்த்து, அடிப்பக்க நிறத்தைத் தொட்டுவிடுங்கள்.

லேசாகத் தளர்ந்த நரம்பு இருந்தால் ஊதுபத்தியைக் கொளுத்தி, கனலை நரம்புக்குச் சற்றுத் தள்ளி மெதுவாக நகர்த்துங்கள். சூடு பட்டதும் சுருங்கி விறைக்கும். பட்டுவிட்டால் அறுந்துவிடும். நீளும் நூலுக்கு இந்த வேலை வேண்டாம்.

முன்கண்ணாடியை ஃபெவிக்காலால் ஒட்டுங்கள், சூப்பர் குளூ புகை கண்ணாடியை மங்கவைக்கும். டார்பிடோ கடைசியில். முன்னாடியே மாட்டினால் அடிப்பக்கத் துளைகளை எட்ட முடியாது.

பின்சேர்க்கை

ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வார்னிஷ் அடித்ததும் மாடல் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டதாம், போதாததற்குத் தங்கூஸ் நரம்பும் தளர்ந்துவிட்டதாம். இரண்டுக்கும் காரணம் பனிமூட்டம். லேக்கர் வார்னிஷில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் மெல்லியதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நைலான் ஈரத்தை உறிஞ்சினால் கொஞ்சம் நீளும், அதனால்தான் நரம்பு தளர்ந்தது. கீழே சேலத்தில் கட்டி மேலே கொண்டுபோகிறவர்களும் நீளும் நூலையே போடுங்கள்.

இன்னொருவர், இறக்கையை மடக்கிய நிலையில் செய்தால் கம்பி போடாமல் தப்பிக்கலாமா என்று கேட்டார். முடியாது. ஸ்வோர்ட்ஃபிஷ்ஷில் மேல், கீழ் இறக்கைகள் சேர்ந்தே பின்னால் மடங்கும், கம்பிகளைக் கழற்றுவதில்லை. ஷோகேஸில் இடம்தான் மிச்சம். மடக்கிய இறக்கைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னும் கஷ்டம் என்பதால் முதல் மாடலை விரித்தே கட்டுங்கள்.