லண்டன் வேலை, வட்டக்கச்சி வீடு

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலை எடுக்கப் போகிறீர்களா? மடிக்கணினி வாங்குவதற்கு முன் வீட்டாரை விறாந்தையில் இருத்திப் பேசுங்கள். இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கும் நான் பேசாமல் தொடங்கிப் பட்டேன். லண்டன் கடைகளின் பற்றுச்சீட்டுகளைக் கணக்கில் பதிய வேண்டும், நாளுக்கு நான்கு மணி நேரம். முதல் கிழமையே மாமி, "சும்மாதானே இருக்கிறாய் பிள்ளை, இந்தத் தேங்காயைத் துருவு" என்றார். கதிரையில் இருந்து செய்வதும் வேலைதான் என்று எங்கள் வளவில் அதுவரை யாரும் கண்டதில்லை.

அடுத்தது கடிகாரம். பனிக்காலத்தில் லண்டன் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 2.30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள். அன்றிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அது 1.30. மகளின் பள்ளிக்கூடம் விடுவதும் 1.30க்குத்தான்! தெரியாமல் பிந்திப் போனதற்கு ஒரு மணி நேரக் கூலியை வெட்டினார்கள். இரண்டு நேரங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்; பிள்ளையை யார் ஏற்றிவருவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மாரி மழைக்கு மின்சாரம் போகும். ரவுட்டருக்கு ஒரு மின்கலம் போதும்.

கூலி பேசும்போது கூச்சப்படாதீர்கள். இங்குள்ள கம்பனி என்றால் முதலாளி உங்கள் பேரில் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரராக லண்டனுக்கு வேலை செய்யும் எனக்கு அது இல்லை. அந்த 15 வீதத்தைச் சேர்த்தே கேளுங்கள்.

நான் வேலை செய்யும் நேரம் மாமியைப் பார்க்கப் பக்கத்து வளவு அக்கா வருகிறார். தொடக்கத்தில் அவருக்குத் தேநீரும் புட்டும்தான் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கச்சான் பிடுங்கப் போனால் அவருக்கு அரைநாள் கூலி கிடைக்கும். அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

கணவர் கட்டாரில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறார். அந்த வேலையைக் கணினிக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் வீட்டுப் பொறுப்பில் ஒரு பங்கை அவரிடம் தள்ளலாம். 2013இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை, வெளிநாடு போகும் தாயிடம்தான் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டது, தகப்பனிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மகளின் கணக்குப் பயிற்சி அன்று வீடியோவில் அவரோடுதான். மற்ற நாட்களில் அங்கே மாலை 5.30க்கு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் அழைப்பார். இங்கே இரவு 8 மணி, மாமியின் சீனி வருத்தக் குளிசைக்கு நேரம். நான் கொடுத்தால் ஆயிரம் சாட்டுச் சொல்லும் மாமி, மகன் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடுகிறார்.