பெல்கிரேடு தெருக்களில் எடுத்த பழைய உலோகத்தைப் பிரிப்பது எப்படி

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில், ரோமா என்ற சிறுபான்மை இனத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய உலோகம்தான் சோறு போடுகிறது. தள்ளுவண்டியில் தெருத் தொட்டிகளைச் சுற்றிச் சேர்ப்பது பாதி வேலை. மீதிக் காசு, முற்றத்தில் உட்கார்ந்து பிரிப்பதில் இருக்கிறது. கலந்து கொண்டுபோனால் காயலான் கடையில் எல்லாவற்றுக்கும் இரும்பு விலைதான்.

ஒரு காந்தமும் அரமும் போதும். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாததை அரத்தால் ஓர் இழு இழுங்கள்: சிவந்தால் செம்பு, மஞ்சளானால் பித்தளை, வெளுத்து லேசாக இருந்தால் அலுமினியம், வெளுத்தும் கனத்தால் பெரும்பாலும் எவர்சில்வர். வெளிப்பூச்சை நம்பாதீர்கள், பளபளக்கும் பழைய தண்ணீர் டேப்புகளில் பல, உள்ளே பித்தளை.

நிறையப் பிரியும் சரக்கு வாஷிங் மெஷின். மின்கம்பியை அடியோடு வெட்டித் தனியே வையுங்கள். மூடியைத் திறந்தால், அதிராமலிருக்கப் பொருத்திய கான்கிரீட் கட்டிகள் தெரியும். அவற்றைக் கழற்றாமல் விட்டால், கடைக்காரர் தன் கணக்குக்கு எடை கழிப்பார். பிறகு மோட்டார். அதன் கம்பிச் சுருளைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். செம்பு நிற வார்னிஷுக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது அலுமினியக் கம்பி. செம்போடு சேர்த்தால் மொத்தக் குவியலும் விலை இறங்கும். டிரம் பெரும்பாலும் எவர்சில்வர். அதன் முதுகில் இருக்கும் மூன்று கை அலுமினிய வார்ப்பைச் சுத்தியலால் உடைத்து, நடுவிலுள்ள இரும்புத் தண்டை உருவிவிட வேண்டும்.

கேபிளை எரிக்கவே எரிக்காதீர்கள். உறையிலுள்ள பிவிசி பிளாஸ்டிக்கின் புகையில் அமிலமும் டையாக்சின் என்ற நஞ்சும் இருக்கின்றன. முற்றத்தில் விளையாடும் குழந்தைகள்தான் முதலில் சுவாசிப்பார்கள். எரிந்து கறுத்த செம்புக்கு விலையும் குறைவு. தடித்த கேபிளைப் பலகையில் வைத்து நீளவாக்கில் கீறி உரியுங்கள். மெல்லிய கம்பியை உறையோடே விற்றுவிடலாம், உரிக்கும் நேரத்துக்குக் கட்டாது.

ஃபிரிட்ஜில் குளிர்வாயுவை அழுத்தும் கம்ப்ரசரின் குழாயை வெட்டக் கூடாது. புதியவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் வாயு தீப்பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவ் அடுப்பில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். அந்த அடுப்பைத் திறக்காமல் விற்பதே நல்லது.

சாக்கடை மூடி, ரயில்வே கேபிள் கிடந்தால் தொடாதீர்கள். திருட்டு என்றால் ரோமா மக்கள்மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. அது அநியாயம், ஆனால் அன்றாட நடப்பு.

கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு மூட்டையையும் வீட்டிலேயே நிறுத்து, எடையைச் சாக்கின்மேல் எழுதுங்கள். அங்கே முள் குறைத்துக் காட்டினால், காசு வாங்குமுன்பே திருப்பி நிறுக்கச் சொல்லுங்கள்.