போர்வெல் தண்ணீர் ஊரில் இட்லிப்பூ வளர்க்க

இட்லிப்பூ என்று நாம் கூப்பிடுவது வெட்சிதான். சங்கப் பாட்டில் ஆநிரை (மாட்டு மந்தை) கவரப் போன மறவர்கள் சூடிய அதே பூ. காபியும் இதுவும் ஒரே குடும்பம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஏற்காட்டில் காபிக்குப் பிடித்த அமில மண் இருக்கிறதே, இதற்கும் அந்த மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பைத்தான் தாங்காது. கீழே சேலத்தில் சிக்கலே அங்கேதான். போர்வெல் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அது செடிக்கும் போகிறது.

முதலில் மண்ணைப் பாருங்கள். காய்ந்த மண் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண், அங்கே நடவேண்டாம், தொட்டிக்கு மாறிவிடுங்கள். நுரைக்காவிட்டாலும் அமில மண் என்று சொல்லிவிட முடியாது. அமில அளவு காட்டும் பிஎச் தாளில் 5 முதல் 6 வரை காட்டினால் நல்லது.

தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. அடியில் ஓட்டை கட்டாயம். சாம்பலும் முட்டை ஓடும் போடவே கூடாது. தினம் நான்கைந்து மணி நேரமாவது வெயில் படட்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

என் முதல் செடியைப் புதிதாகப் பூசிய காம்பவுண்டு சுவரை ஒட்டி வைத்தேன். மூன்றே மாதத்தில் கொழுந்து மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சைப் பேனாவால் கோடு போட்டதுபோல் நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்துச் சாணத்தை அள்ளிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சுவரிலிருந்து கசிந்த சுண்ணாம்பு, மண்ணில் இருக்கும் இரும்பைச் செடி எடுக்க விடாமல் செய்துவிடுகிறது. சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். மஞ்சள் தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

பூ நுனியில்தான் வரும். அதனால் கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு இலை தள்ளி வெட்டுங்கள், பக்கக் கிளை வரும். அப்புறம், புதுச் செடி வேண்டுமென்றால் பென்சில் கனத்தில் முற்றாத, இளசும் இல்லாத குச்சியாக ஒரு சாண் நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றுங்கள். பாலிதீன் பையால் மூடி நிழலில் வைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விடும். விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நான் இரண்டைப் பார்த்தேன், இரண்டும் போயிற்று.