இடுப்பு பிடித்துக்கொண்டால் எந்த பேட்ச், எப்படி ஒட்டுவது?

தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனியும்போது இடுப்பில் சுளுக்கென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு நாளைக்கு நிமிரவும் முடியாது, குனியவும் முடியாது. மருந்துக் கடையில் போய் "இடுப்பு வலிக்கு ஒட்டுற பேட்ச் ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறோம். கொடுத்ததை வாங்கி வந்து, வலிக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்கிறோம்.

என் அம்மாவுக்கும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. மாலையில் இடுப்பில் வலித் தைலம் தேய்த்திருக்கிறார். இரவு அதன் மேலேயே சூடு தரும் பேட்சை ஒட்டி, நழுவாமல் இருக்க பெல்ட்டையும் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் இரண்டு பெரிய கொப்புளம். சர்க்கரை உடம்பு என்பதால் புண் ஆற மூன்று வாரம் ஆனது. தைலத்தோடு சேர்க்கக் கூடாது, தூங்கும்போது கூடாது என்று இரண்டுமே அந்த உறையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தன. நான் படிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒட்டுவதற்கு முன்: இது வீட்டில் பார்க்கிற வலிதானா?

கனமானதைத் தூக்கியது, கோணலாகப் படுத்தது, நாள் முழுக்க வண்டி ஓட்டியது போன்ற காரணங்களால் வரும் தசைப்பிடிப்புக்குத்தான் பேட்ச். கீழே சொல்வதில் ஏதாவது இருந்தால் பேட்சைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்: காலில் பலம் குறைகிறது; விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி; வலியோடு காய்ச்சல்; காரணமில்லாமல் எடை குறைவது; முன்பு புற்றுநோய் வந்தவர். சிறுநீர் வராமல் நிற்கிறது அல்லது அடக்க முடியாமல் போகிறது, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போகிறது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி அது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

2. கையில் இருப்பது எந்த வகை?

இந்தப் படியில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பேட்ச் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்றுக்குச் சரியான முறை இன்னொன்றுக்கு ஆபத்தாக முடியும்.

முதல் வகை, தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ தருவது. உறையில் மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட், கேப்சைசின் என்ற பெயர்கள் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கோடாலித் தைலத்தோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சலோன்பாஸ் இந்த வகை. ஜப்பானில் 1934-இலிருந்தே விற்கிறது. மெத்தில் சாலிசிலேட்டின் வாசனை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் விண்டர்கிரீன் தைலத்தின் வாசனையே அது.

கேப்சைசின் என்பது மிளகாயின் காரம். மிளகாய் கிள்ளிய கை எரிகிறது, ஆனால் கை உண்மையில் சூடாவதில்லை. தோலின் நரம்பு நுனியில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் திறக்கும் அந்த வாசலைக் கேப்சைசினும் திறந்துவிடும். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெந்தாலுக்கும் குளிரை உணரும் இதேபோன்ற வாசல் ஒன்று உண்டு. மூளைக்கு இந்தச் சேதி போகும்போது வலிச் சேதி பின்னால் தள்ளப்படுகிறது. அதனால், 'சூடு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே மிளகாய்ச் சத்து இருந்தால் அது இந்த வகைதான்.

இரண்டாவது வகை, தோல் வழியாக மருந்தை உள்ளே அனுப்புவது. டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் இரண்டும் வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை. மாத்திரையாக விழுங்கும் அதே மருந்துகள்தான். கணுக்கால் சுளுக்கு மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் வலிக்கு நன்றாகக் கேட்கும். இடுப்பில் தசை ஆழத்தில் இருக்கிறது, அங்கே அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். லிடோகெய்ன் வேறு மாதிரி. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதே மருந்து.

மூன்றாவது வகையில் மருந்தே இல்லை, வெறும் சூடுதான். உள்ளே இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம் இருக்கும். உறையைப் பிரித்ததும் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. வாசல் கதவின் கீல் மெதுவாகத் துருப்பிடிக்கும்போது வரும் சூடு நமக்குத் தெரிவதில்லை. தூளாக இருப்பதால் இங்கே வேகமாக நடந்து 40 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. முழுச் சூடு வர அரை மணி நேரம்கூட ஆகலாம். வரவில்லையே என்று அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள். பெரிதாக இருக்கிறது என்று கத்தரிக்கவும் கூடாது, தூள் கொட்டிவிடும்.

திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்புக்கு, தோல் நல்லபடியாக உள்ளவர் என்றால், நான் முதலில் எடுப்பது இந்த மூன்றாவதைத்தான். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே தோலின் மேல் தரும் சூட்டைச் சொல்கிறது. பாட்டி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்த ஒத்தடமும் இதே வேலையைத்தான் செய்தது. பேட்ச் அந்தச் சூட்டை ஆறாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபென்டனைல், புப்ரெனார்ஃபின் என்ற பெயர் உள்ள பேட்சுகளும் உண்டு. கடும் வலியில் இருப்பவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது. வீட்டில் யாருக்கோ வாங்கியது மீதம் இருக்கிறது என்று எடுத்து ஒட்டவே கூடாது. மூச்சே நின்றுபோகலாம்.

3. யார் ஒட்டக் கூடாது?

ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரை சாப்பிட்டு மூச்சுத்திணறலோ தடிப்போ வந்தவர்கள் டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், மெத்தில் சாலிசிலேட் மூன்றையும் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை ஒட்டக் கூடாது, ரத்தம் கசிகிற ஆபத்து கூடும். கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரம் தாண்டியவர்கள், தாமாக எதையும் ஒட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, குடல் புண் உள்ளவர்களும் கேட்டுவிட்டே ஒட்டலாம்.

சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூட்டு பேட்ச் வேண்டாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியவில்லை.

4. ஒட்டுவது

இடுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் இருக்கக் கூடாது. குளித்த உடனே ஒட்டாமல் உடம்பின் சூடு தணியும்வரை பொறுங்கள். சிராய்ப்பு, சொறி, கட்டி உள்ள இடத்தில் ஒட்டக் கூடாது.

விரலால் அழுத்திப் பார்த்து அதிகம் வலிக்கும் தசையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் முதுகெலும்பு மேட்டுக்கு வலது பக்கமோ இடது பக்கமோ இருக்கும். தானே ஒட்டினால் சுருங்கிப்போகும், வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். வலி தாங்கும் அளவுக்கு லேசாக முன்னால் சாய்ந்து நில்லுங்கள். பின்தாளைப் பாதி மட்டும் உரித்து, அந்தப் பாதியை ஒட்டி, மீதித் தாளை இழுத்துக்கொண்டே உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். நிமிர்ந்து நின்று ஒட்டினால் அடுத்த முறை குனியும்போது தோலைப் பிடித்து இழுக்கும்.

மிளகாய்ச் சத்து உள்ளதைத் தொட்டால் உடனே சோப்பால் கை கழுவுங்கள். அந்தக் கை கண்ணில் பட்டால் பெரும் வேதனை.

சூட்டு பேட்சில் அட்டை என்ன சொல்கிறதோ அப்படி. சிலவற்றைத் தோலில் ஒட்டலாம், சிலவற்றை உள்ளாடையின் மேல்தான் ஒட்ட வேண்டும். 55 வயது தாண்டியவர்கள் எதுவானாலும் நடுவில் ஒரு மெல்லிய துணி விடுவது நல்லது. மேலே பெல்ட் கட்டாதீர்கள், அதன் மேல் சாய்ந்து அழுத்தவும் வேண்டாம்.

5. எவ்வளவு நேரம்?

சூட்டு பேட்ச் பொதுவாக 8 மணி நேரம் வரை, விழித்திருக்கும்போது மட்டும். 40 டிகிரி என்பது மிதமாகத்தான் தெரியும். ஆனால் 44 டிகிரியில் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துவிடும். 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வில் தெரிந்தது இது. 40-க்கும் 44-க்கும் நடுவில் இருப்பது நான்கே டிகிரி. தூக்கத்தில் உடம்பு அழுத்தி, போர்வையும் மூடினால் அதைத் தாண்டுவது கஷ்டமில்லை. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கித் தோலைப் பாருங்கள்.

மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள சலோன்பாஸ் வலி பேட்சை ஒரு நேரத்தில் ஒன்று, நாளைக்கு இரண்டுக்கு மேல் இல்லை, தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் இல்லை என்பது அதன் அமெரிக்க அட்டையில் உள்ள அளவு. 5 சதவீத லிடோகெய்னை 12 மணி நேரம் ஒட்டினால் அடுத்த 12 மணி நேரம் விட்டுவிட வேண்டும். டைக்ளோஃபெனாக் பேட்ச் ஒட்டியிருக்கும்போது அதே மாத்திரையை விழுங்காதீர்கள், இரண்டும் சேர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே வகை. இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பேட்சின் மேல் வெந்நீர்ப் பை வைத்தால் சூட்டில் ரத்த ஓட்டம் கூடி மருந்து அளவுக்கு மேல் உள்ளே போகும். மெந்தால், மெத்தில் சாலிசிலேட், கேப்சைசின் உள்ள வலி நிவாரணிகள் அரிதாகக் கடுமையான தீப்புண்ணே உண்டாக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரித்தது. சுருக்கென்று குத்துவது, தாங்க முடியாத எரிச்சல், வீக்கம், கொப்புளம் எது வந்தாலும் உடனே உரித்து, சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவுங்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. வலி குறைந்த அந்த நேரத்தில்

படுத்தே இருக்காதீர்கள். பேட்ச் தரும் சில மணி நேரச் சுகம் எழுந்து நடமாடுவதற்குத்தான். வீட்டுக்குள் பத்து நிமிடம் நடங்கள், கொஞ்சம் உட்காருங்கள், மறுபடி நடங்கள். குடம் மட்டும் வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் பேட்சை எடுத்துவிடுங்கள். சிலவற்றின் முதுகில் மெல்லிய உலோகத் தகடு உண்டு, உள்ளே சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.

7. எடுப்பதும் குப்பையில் போடுவதும்

பிய்த்து இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு முடி வளரும் திசையில் மெதுவாக உரியுங்கள். வராவிட்டால் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே எடுத்துவிடுவது நல்லது. எடுத்த கையோடு வெந்நீர் ஊற்றினால், மிளகாய்ச் சத்து ஒட்டியிருந்த இடம் தீயாக எரியும். கீட்டோப்ரோஃபென் ஒட்டிய இடத்தில் எடுத்த பிறகும் சில வாரம் வெயில் படாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் தடித்துவிடும்.

எடுத்த பேட்சில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும். பிசின் பக்கம் உள்ளே போகுமாறு இரண்டாக மடித்து, காகிதத்தில் சுற்றி, மூடி உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். கட்டில் ஓரத்தில் விட்டால் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும்.