சின்னத் தொலைநோக்கியில் டௌ கேனிஸ் மேஜோரிஸும் அதன் கொத்தும்

பெருநாய் (கேனிஸ் மேஜர்) மண்டலத்தில் ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கிறது. வானியல் பட்டியலில் அதன் பெயர் என்ஜிசி 2362. நடுவில் பளிச்சென்று நிற்கும் நட்சத்திரம்தான் டௌ. என்னிடம் இருப்பது 130 மிமீ ஆடி கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி, 25, 10 மிமீ கண்ணருகு வில்லைகள். தொலைநோக்கி என்ற அளவில் அதுவே போதும். கூடவே ஒரு 10x50 பைனாகுலர் கட்டாயம் வேண்டும். நட்சத்திரத்தைத் தானே தேடித் திரும்பும் தாங்கிக்கு (கோ-டூ மவுன்ட்) செலவழிப்பதைவிட இதை முதலில் வாங்குங்கள்.

படி 1: பிப்ரவரி கடைசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே பாருங்கள். உயரத்தில் மிகப் பிரகாசமாக இருக்கும் நட்சத்திரம் சிரியஸ். அதற்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக, மூன்று நட்சத்திரங்கள் முக்கோணமாக இருக்கும். மேல் முனையில் இருப்பது வெசன்.

படி 2: வெசனைப் பைனாகுலரில் பிடித்து இடது மேல் பக்கம் மூன்று டிகிரிக்குள் தேடுங்கள். மேலும் கீழுமாக இரண்டு நட்சத்திரங்கள், நிலாவின் அகலத்தைவிடக் குறைந்த இடைவெளியில். கீழே இருப்பதுதான் டௌ. மேலே இருப்பது 29 கேனிஸ் மேஜோரிஸ்.

படி 3: இப்போது தொலைநோக்கி, 25 மிமீ வில்லையோடு. இங்கேதான் நான் நான்கு இரவுகளைத் தொலைத்தேன். நியூட்டோனியனில் படம் தலைகீழ். பைனாகுலரில் கீழே இருந்த டௌ இதில் மேலே போய்விடும். நானோ கீழே தெரிந்ததை நடுவில் வைத்து 10 மிமீ வில்லையை மாட்டிக்கொண்டே இருந்தேன். சுற்றிலும் கொத்து எதுவும் இல்லை. எங்கள் ஊர் வெளிச்சத்தில் அது தெரியாது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் மேலே இருந்த நட்சத்திரத்துக்குத் திருப்பினேன். கோலப்பொடியை ஒரு சிட்டிகை தூவினாற்போல டௌவைச் சுற்றிச் சன்னமான புள்ளிகள்! சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

25 மிமீயில் டௌவின் ஒளி மற்றவற்றை விழுங்கிவிடும். 65 மடங்கு உருப்பெருக்கத்துக்குக் குறையாமல் பாருங்கள். நேராகப் பார்க்காமல் கண்ணைச் சற்று ஓரமாக வைத்தால் புள்ளிகள் கூடும்.

படி 4: குழாயை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். மங்கலான நட்சத்திரங்கள் ஒரு பக்கம் ஆட, டௌ மட்டும் தனியாகத் துள்ளுவதுபோல் இருக்கும். மங்கலான ஒளியை நம் கண் சற்றுத் தாமதமாக உணர்வதால் வரும் தோற்றம் இது.

அந்த டௌ ஒற்றை நட்சத்திரம் அல்ல, குறைந்தது ஐந்து சேர்ந்த குடும்பம். அதில் ஒரு ஜோடி 1.28 நாளுக்கு ஒருமுறை சுற்றி, ஒன்றையொன்று மறைக்கிறது. நம் கருவியில் அந்த ஜோடி பிரியாது. ஆனாலும் சுமார் 5,000 ஒளியாண்டு தள்ளியிருந்து வெறும் கண்ணுக்கே எட்டுகிறது என்றால் எவ்வளவு வீரியம்! கொத்தின் வயது ஐம்பது லட்சம் வருடம்தான். இத்தாலிய வானியலாளர் ஹொடியர்னா இதை 1654-க்கு முன்பே பார்த்துவிட்டார்.

பின்சேர்க்கை: நகரத்துக்குள்ளிருந்து பார்த்த ஒருவர் நான்கைந்து புள்ளிகள்தான் தெரிந்தன என்று கருத்தில் எழுதியிருந்தார். டௌவை வில்லையின் விளிம்புக்கு வெளியே தள்ளிப் பாருங்கள். பாதிக் கொத்தும் கூடவே போய்விடும். மீதிப் பாதி கருப்புப் பின்னணியில் தெளிவாக வரும். அப்புறம் எதிர்ப்பக்க விளிம்புக்குக் கொண்டுபோய் மற்ற பாதியையும் எண்ணுங்கள்.